சிவப்புத் தட்டு

என் மனைவியும் என் தங்கையும் ஒரே கம்பெனியில் வேலை பார்க்கிறார்கள். தங்கை தைப்பாள். மனைவி அதில் குறை கண்டுபிடிப்பாள். நாத்தனாரும் அண்ணியும் சண்டை போடுவதற்குச் சம்பளம் கொடுக்கிற ஒரே கம்பெனி இதுதான் என்று நான் சொல்வதுண்டு. இரண்டு பேருமே அதற்குச் சிரித்ததில்லை.

அவர்கள் தைப்பது துணிமணி இல்லை. ரத்தக்குழாய்க்குள் வைக்கிற குழாய். கட்டைவிரல் பருமனில் வெள்ளைத் துணிக்குழாய் ஒன்று, அதைச் சுற்றி வளைந்து வளைந்து ஓடும் மெல்லிய கம்பி. கம்பியையும் துணியையும் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபடி கையாலேயே சேர்த்துத் தைக்க வேண்டும். தைத்து முடித்தது என் மனைவியின் மேஜைக்கு வரும். ஒரு முடிச்சு சரியாக உட்காரவில்லை என்றாலும் சிவப்புத் தட்டில் போட்டுவிடுவாள். தங்கை தைத்ததும் அவ்வப்போது அந்தத் தட்டுக்குப் போகும். அன்று மாலை மாடிப்படி ஏறும் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும். தங்கை குடியிருப்பது எங்கள் வீட்டு மாடியில்தான்.

நான் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவன். இடுப்பு வலி என்று போனேன், சீட்டிலேயே உட்கார்ந்து கிடப்பதால் இருக்கும் என்ற நினைப்பில். ஸ்கேன் எடுத்த பெண் அதுவரை என்னிடம் லைசென்ஸ் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தாள். திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டு, வயிற்றின் நடுவில் அந்தக் கருவியை மறுபடி மறுபடி அழுத்தினாள்.

"என்னம்மா, கல்லா?"

"டாக்டர் சொல்வார் சார்."

டாக்டர் சொன்னார். இதயத்திலிருந்து கீழே இறங்குகிற பெரிய ரத்தக்குழாய் வயிற்றுக்குள் ஓரிடத்தில் பலூன் மாதிரி உப்பியிருக்கிறது. வலிக்கும் அதற்கும் சம்பந்தம் இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் உப்பல் ஐந்தரை சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டது. வெடித்தால் பிழைப்பது கஷ்டம், இனி சும்மா விடக்கூடாது. சிகரெட்டை இன்றோடு நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன்.

வழி இரண்டு. வயிற்றைத் திறந்து, உப்பிய இடத்தில் செயற்கைக் குழாயை வைத்துத் தைப்பது ஒன்று. இரண்டு தொடை இடுக்கிலும் சின்னத் துளை போட்டு, மடித்துச் சுருட்டிய ஸ்டென்ட் கிராஃப்டை, அதாவது என் வீட்டுப் பெண்கள் தைக்கிற மாதிரிக் குழாயை, ரத்தக்குழாய் வழியாகவே மேலே கொண்டுபோய், எக்ஸ்ரேயில் பார்த்தபடி விரித்துவிடுவது இன்னொன்று. ரத்தம் அதற்குள்ளேயே ஓடிவிடும், உப்பிய சுவருக்கு அழுத்தம் போகாது. முதல் வழியில் உடம்பு தேற மாதக்கணக்காகும். இரண்டாவதில் இரண்டு நாளில் வீடு. ஆனால் ஆயுசுக்கும் ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

டாக்டர் மேஜையில் மாதிரிக்கு ஒன்று இருந்தது. என் மனைவி அதை எடுத்து ஜன்னல் பக்கம் திருப்பினாள். விரலால் கம்பியை நெருடி நெருடிப் பார்த்தாள். வேறு கம்பெனியுடையது.

டாக்டருக்கு அவள் வேலை தெரியும். "ஏதாவது குறை இருக்காம்மா?" என்றார் சிரித்துக்கொண்டே.

"இல்ல சார்."

"அப்புறம் என்ன யோசனை?"

"நல்லா இருக்கறதெல்லாம் என் கையை விட்டுப் போயிடும் சார். தப்பானதுதான் என்கிட்டயே கிடக்கும். வருஷக்கணக்கா அதைத்தான் பார்த்துட்டிருக்கேன்." குழாயை மேஜையில் வைத்தாள். "இவருக்குத் திறந்தே பண்ணிடுங்க. நீங்க கண்ணால பார்த்துத் தைப்பீங்கல்ல?"

"ரெண்டுமே நல்ல வழிதான். யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் அவர்.

வீட்டில் இதை நான் சொல்லியிருக்கக்கூடாது. வாய் சும்மா இருக்கவில்லை. தங்கை சாப்பாட்டுத் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"ஊரான் வீட்டுப் புருஷனுக்கெல்லாம் நாங்க தச்சது போகலாம். உங்க வீட்டுக்காரருக்கு மட்டும் ஆகாது. அப்படித்தானே அண்ணி?"

"நான் உன்னைச் சொல்லல."

"வேற யாரைச் சொன்னீங்க?"

"ஏய், ரெண்டு பேரும் கத்தினா அந்த பலூன் இப்பவே வெடிச்சிடும்" என்றேன். நகைச்சுவை எடுபடவில்லை. தங்கை சாப்பிடாமல் மேலே போனாள்.

அதற்குப் பிறகு வீட்டில் ரேடியோ மட்டும்தான் பேசியது. கற்றுக்கொள்ள வந்தவர்களிடம் நான் வழக்கத்தில் இல்லாத பொறுமையோடு பேசினேன். யாராவது சட்டென்று பிரேக் போட்டால் கை தானாக வயிற்றுக்குப் போனது. சீட் பெல்ட்டை விரலால் தளர்த்திப் பிடித்துக்கொண்டேன்.

ஒரு நாள் நான் மதியம் வீட்டுக்கு வந்தபோது மனைவி கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். கைப்பை இன்னும் தோளிலேயே தொங்கியது.

"என்ன, வேலைக்குப் போகலையா?"

"அனுப்பிட்டாங்க."

விஷயம் மெல்ல மெல்ல வந்தது. கொஞ்ச நாளாகவே அவள் மேஜையில் சிவப்புத் தட்டு வழிந்திருக்கிறது. சூப்பர்வைசர் அவள் தள்ளியதை எல்லாம் இன்னொருத்தியிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். ஒன்றில்கூடக் குறை இல்லை. ஒரு வாரம் ஓய்வெடுங்கள் என்று தன்மையாகத்தான் சொல்லியிருக்கிறார்.

"எனக்குக் கண்ணு போயிடுச்சுங்க. எதைப் பார்த்தாலும் உங்க வயித்துக்குள்ள போற மாதிரியே தெரியுது. கை ஓகேன்னு வைக்க மாட்டேங்குது."

இத்தனை வருஷத்தில் அவள் அழுது நான் பார்த்தது குறைவு. என்ன செய்வது என்று தெரியாமல் அவள் தோளிலிருந்த பையைக் கழற்றி வைத்தேன்.

சாயங்காலம் தங்கை வந்து நேராக அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். கம்பெனியில் எல்லாருக்கும் விஷயம் தெரிந்திருக்கும். சமாதானம் சொல்லத்தான் வந்தாள், ஆனால் அவளுக்குச் சமாதானமும் சண்டை மாதிரிதான் வரும்.

"ஒண்ணு சொல்றேன் அண்ணி. ஒவ்வொரு முடிச்சு போடும்போதும் உங்க மூஞ்சிதான் கண்ணு முன்னாடி நிக்கும். இந்த மகராசி இதையும் தள்ளிடுவாளேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டுதான் இறுக்குவேன். அதனாலதான் என் தையல் நிக்குது."

மனைவி தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

"அண்ணனுக்கு வைக்கப்போறது எந்தக் கம்பெனியோ. ஆனா அங்கேயும் உங்களை மாதிரி ஒரு ராட்சசி உட்காந்திருப்பா. அவளைத் தாண்டித்தானே வந்திருக்கும்?"

என் மனைவி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ராட்சசியா நான்?" என்றாள்.

"பின்ன?"

மனைவி என் பக்கம் திரும்பினாள். "உங்க உடம்பு. நீங்க சொல்லுங்க."

"எனக்குச் சின்னத் துளையே போதும்" என்றேன்.

அவள் சரி என்று சொல்லவில்லை. மறுநாள் டாக்டருக்கு அவளேதான் போன் செய்தாள்.

இடுப்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டார்கள். விழித்தபடியே கிடந்தேன். அறை குளிர்ந்தது. "இன்னும் கொஞ்சம் மேல... நிறுத்து... விரி" என்று டாக்டர் சொல்வது கேட்டது. கார் ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொடுக்கும்போது நான் பேசுகிற குரல் அப்படியே. வலி இல்லை, எங்கோ ஓர் அழுத்தம் மட்டும். வெளியே கொண்டுவந்ததும், ரத்தம் கீழ்வரை ஓடுகிறதா என்று நர்ஸ் என் இரண்டு பாதத்திலும் நாடி பார்த்தார். அவர் நகர்ந்ததும் மனைவி போர்வைக்குள் கைவிட்டுப் பாதங்களைப் பிடித்துக்கொண்டாள். "சூடாத்தான் இருக்கு" என்று அவளுக்கே சொல்லிக்கொண்டாள்.

ஒரு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் கசிவு இருந்தது.

டாக்டர் அதைச் சொன்னபோது நான் மனைவியைப் பார்க்கவில்லை. நான் அப்போதே சொன்னேனே என்று ஒரு வார்த்தை வரும், வரட்டும் என்று காத்திருந்தேன். அவள் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"எங்க சார்?"

டாக்டர் பேனா முனையால் காட்டினார். முதுகுப் பக்கத்திலிருந்து வரும் சின்ன ரத்தக்குழாய் ஒன்று பின்பக்கமாக அந்தப் பழைய உப்பலுக்குள் ரத்தத்தை விட்டுக்கொண்டிருக்கிறது. சிலருக்கு இப்படி ஆவதுண்டு. பெரும்பாலும் தானாக அடைத்துக்கொள்ளும். உப்பல் பெரிதாகாதவரை பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

"தையல் வழியா இல்லையே?"

"தையல் இல்ல. கிராஃப்ட் நல்லா உட்காந்திருக்கு."

மனைவி வெளியே போய் வராந்தாவில் நின்று போன் செய்தாள். கதவு பாதி திறந்திருந்ததால் எனக்குக் கேட்டது. "தையல் இல்லடி" என்றாள். மறுபடியும், "இல்ல, தையல் இல்ல. அழாத." எங்கள் மூன்று பேரில் அந்த மாதம் முழுக்க அதிகம் பயந்தவள் மாடியில் இருந்தவள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் தைக்காத குழாய்தான். அதனால் என்ன.

ஆறு மாதத்தில் மறுபடி ஸ்கேன். கசிவு நூலிழை அளவுக்கு இன்னும் இருந்தது. ஆனால் உப்பல் கொஞ்சம் சுருங்கியிருந்தது. "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றார் டாக்டர். பூரணமாகச் சரியாகிவிட்டது என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. நல்லதென்றும் கெட்டதென்றும் எதையும் உடனே பிரித்து வைத்துப் பழகியவள் என் மனைவி. இப்படி நடுவில் நிற்கும் ஒன்றை வருஷாவருஷம் வந்து பார்ப்பது அவளுக்குப் புதுசு. எனக்கும்தான்.

திரும்பி வரும்போது காரிலேயே தூங்கிவிட்டாள். வீட்டு வாசலில் நிறுத்தியும் எழவில்லை. மேலே பால்கனியில் தங்கை நின்றிருந்தாள். என்ன ஆச்சு என்று கையால் கேட்டாள். நான் ஜன்னல் வழியே கையை நீட்டி, ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் அகற்றிக் காட்டி, பிறகு கொஞ்சம் நெருக்கினேன். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.