நெத்தலி காயும் நடைபாதை

எங்கள் கண்டக்குழியில் ஒரு நடைபாதை இருக்கிறது. ஐந்தடி அகலம், முழுக்கக் கொங்கிறீட், றோட்டை விட ஒரு சாண் உயரம். இத்தனை நடந்த பிறகும் இன்றைக்கு வந்து பார்த்தால் நெத்தலிக் கருவாடுதான் தெரியும். மனிதர் நடக்கக் கட்டிய பாதை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சொன்னாலும் நம்ப மாட்டார்கள்.

சண்டைக் காலத்தில் இந்த றோட்டில் நேவிக்காரரின் ட்ரக் மட்டும்தான் வேகமாகப் போகும். மற்ற எல்லாமே சோதனைச் சென்றியில் நின்று, இறங்கி, அடையாள அட்டை காட்டி, ஏறிப் போனவைதான். சண்டை முடிந்தது. வெள்ளைக்காரர் வந்தார்கள், பெரிய பட்டத்தைக் காற்றில் விட்டுக் கடலில் சறுக்குவதற்கு. அவர்களுக்காக ஹொட்டல் வந்தது, ஹொட்டலுக்காகக் காபெட் றோட்டு வந்தது. றோட்டு வழுவழு என்று ஆனதும் வான்காரர் எல்லாருக்கும் பேய் பிடித்துவிட்டது. ஒரே வருடத்தில் இரண்டு சைக்கிள்காரர் றோட்டோர வடிகால் கானுக்குள் விழுந்தார்கள். ஒரு பள்ளிப் பிள்ளைக்கு இடுப்பு உடைந்தது.

என் பெண்சாதி அனஸ்தாசியாவுக்கு ஒரு கால் இல்லை. சீனி வருத்தத்தில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கையால் சுழற்றி ஓட்டுகிற மூன்று சில்லு வண்டி ஒன்று மாதா கோயில் மூலம் கிடைத்தது. அதில் தினமும் காலையில் தனியாகக் கரைக்குப் போவாள். வள்ளங்கள் வந்ததும் பெண்களோடு இருந்து மீன் பிரிப்பாள், ஊர்க் கதை எல்லாம் கேட்பாள், பத்து மணிக்கு வீட்டுக்கு வருவாள். அந்தப் போக்குவரத்துதான் அவளுக்கு உயிர். வண்டியை நான் தள்ளினால் அவளுக்குக் கோபம் வரும். "நான் என்ன கருவாட்டுச் சாக்கா, நீங்க தள்ளிக்கொண்டு போக?" என்பாள்.

பிறகு ஒரு நாள் றோட்டுப் போடுகிற அரசாங்கக் கந்தோரிலிருந்து சுலக்சனா என்ற இஞ்சினியர் பிள்ளை வந்தது. சின்ன வயது. கையில் அளவு நாடா. யார் யார் நடக்கிறீர்கள், யார் சைக்கிள், யார் தலையில் கூடை வைத்துப் போகிறீர்கள் என்று வீடு வீடாகக் கேட்டது. எங்கள் வீட்டில் குந்தியிருந்து அனஸ்தாசியாவின் வண்டியை அளந்தது. வண்டியை மட்டுமா? அவளை ஓட்டச் சொல்லி, இரண்டு முழங்கையும் எவ்வளவு தூரம் வெளியே வருகிறது என்றும் அளந்து எழுதியது.

எனக்குப் பிடிக்கவில்லை. கந்தோர்க்காரர் நாடாவோடு வந்தால் வளவில் ஒரு துண்டு போகும் என்பதைத்தான் நான் கண்டிருக்கிறேன். "எங்கட வேலி தள்ளப் போறியளோ?" என்று கேட்டேன்.

"இல்ல மாமா. அன்ரி ஒருத்தற்ற உதவியும் இல்லாமப் போய் வரோணும். அதுக்குத்தான்."

"பாப்பம்," என்றேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். படித்தவர்கள் சொல்வதைப் பாதியாகப் பிரித்து அந்தப் பாதியையும் நம்பாமல் விடுவதுதான் என் பழக்கம்.

கோயில் மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். எங்கள் பக்கத்து வீட்டு லோறன்ஸ்தான் அதிகம் கத்தினான். அவனுக்கு இரண்டு போட் இருக்கிறது, அதற்கேற்ற குரலும் இருக்கிறது. "எங்கட சனம் நடக்க ஒரு பாதை இல்லாமச் சாகுது! பாதை தராட்டி நாங்க றோட்டில படுப்பம்!" எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

அந்தப் பிள்ளை சொன்னதைச் செய்தது. என் வேலியில் ஒரு தடி கூட அசையவில்லை. கரை வரைக்கும் பாதை போனது. வாசலுக்கு வாசல் சரிவு விட்டிருந்தார்கள், வண்டி ஏறி இறங்க. முதல் நாள் அனஸ்தாசியா போய்த் திரும்பி வந்து, இறங்காமல் இன்னொரு தரம் போனாள். ஏன் என்று கேட்டதற்கு, "சும்மா," என்றாள்.

இனி நான் செய்த வேலையைச் சொல்ல வேண்டும்.

இங்கே கருவாடு காயப் போடுவது மணலில்தான். தென்னங்கிடுகு விரித்து அதன்மேல் போட்டாலும் காற்று மணலை அள்ளிக் கொண்டுவந்து மேலே கொட்டும். கருவாடு வாங்க பாலாவியிலிருந்து லொறியில் வருகிற உசனார் நெத்தலியை வாயில் போட்டுக் கடித்துப் பார்ப்பார். பல்லில் மண் நறநறத்தால் துப்புவார், விலையைக் குறைப்பார். ஒரு நாள் என்னுடையதைத் துப்பினார்.

"என்ன மனுவேல், கருவாடா, கடற்கரையா இது? மண் இல்லாம ஒரு நாளைக்குத் தாங்களேன் பாப்பம்."

அடுத்த நாள் பாதையில் விரித்தேன். றோட்டை விட உயரம், மணல் ஏறாது. கொங்கிறீட் சூடு, ஒரே நாளில் காயும். எங்கள் வாசலுக்குத் தெற்கே விரித்தேன். கரை வடக்கே. அனஸ்தாசியா போகும் பக்கம் இல்லை. மற்றவர்களுக்கு இரண்டடி விட்டிருந்தேன். கெட்டிக்காரன் என்று நினைப்பு.

அனஸ்தாசியா வாசலில் வண்டியை நிறுத்திப் பார்த்தாள். "ஆக்கள் நடக்கிற இடம். எடுங்க."

"நடக்க இடம் விட்டிருக்கு. கவுண்மேந்து கட்டினது எத்தினை நாளைக்கு இருக்கப் போகுது? வெடிச்சுப் போக முதல் நாங்களும் கொஞ்சம் அனுபவிப்பம்."

"நீங்க விரிச்சா ஊர் விரிக்கும்."

"ஊர் என்ன என்னைப் பாத்தா சமைக்குது?"

ஊர் என்னைப் பார்த்துத்தான் சமைத்தது. உசனார் என் நெத்தலியைக் கடித்து, தலையாட்டி, "மாஷா அல்லாஹ், இதுதான் கருவாடு," என்று நல்ல விலை சொன்னதை லோறன்ஸ் கேட்டுக்கொண்டு நின்றான். மறுநாள் காலை அவன் வாசலிலிருந்து வடக்கே நீலத் தார்ப்பாய்ப் படங்கு விரிந்தது. அவன் இரண்டடி எல்லாம் விடவில்லை. வேலியிலிருந்து கான் விளிம்பு வரைக்கும் ஐந்தடியும் நெத்தலி. ஒரு கிழமைக்குள் அதற்கப்பால் பத்துப் படங்கு. வாசல் சரிவுகளை மட்டும் விட்டார்கள், அவரவர் மோட்டார் சைக்கிள் ஏறுவதற்கு. நடக்கிறவர்கள் பழையபடி றோட்டுக்கு இறங்கினார்கள். பாதை இல்லாமல் சனம் சாகுது என்று கத்திய அதே வாய்கள் இப்போது, "பாத்துப் போங்கப்பா, மீனை மிதிக்காம!" என்று கத்தின.

அனஸ்தாசியா நெத்தலிமேல் வண்டியை ஏற்றிக்கொண்டு போயிருக்கலாம். நான் அப்படித்தான் சொன்னேன். இரண்டு நாள் சில்லு ஏறினால் தானாக எடுப்பார்கள் என்றேன். அவள் கேட்கவில்லை. பன்னிரண்டு வயதிலிருந்து மீன் பிரிக்கிறவள். கீழே விழுந்த ஒரு மீனைக் கூடத் தாண்டிப் போக மாட்டாள். "ஆரோ கடல்ல பட்டு வந்த பாடு. சாப்பாட்டுச் சாமானில சில்லு ஏத்தச் சொல்றீங்களா?" என்றாள். லோறன்சின் வாசல் சரிவால் றோட்டுக்கு இறங்கி, வெள்ளைக் கோட்டை ஒட்டிப் போனாள். வானும் பஸ்ஸும் அவள் முழங்கைக்கு ஒரு சாண் தள்ளிப் பறந்தன.

ஒன்பது நாள் அப்படிப் போனாள். பத்தாம் நாள் நான் என் நெத்தலியைப் புரட்டிக்கொண்டு நின்றபோது, தெற்கிலிருந்து ஒரு ஹொட்டல் வான் பட்டங்களை மேலே கட்டிக்கொண்டு என்னைக் கடந்து போனது. எதிரே பஸ். வான்காரன் ஓரத்துக்கு எடுத்தான். அவன் கண்ணாடி, அப்போதுதான் றோட்டுக்கு இறங்கியிருந்த அனஸ்தாசியாவின் வலது கையில் அடித்தது. வண்டி லோறன்சின் படங்கில் முட்டிக் கவிழ்ந்தது.

நான் ஓடிப்போய்ச் சேருவதற்குள் லோறன்சின் பெண்சாதி றோசமேரி வெளியே வந்துவிட்டாள். "ஐயோ மாதாவே!" என்று அழுதாள், பொய் சொல்லக் கூடாது, உண்மையாகவே அழுதாள். ஆனால் அழுதுகொண்டே முதலில் இழுத்தது படங்கை. ரத்தம் படாமல். இரண்டு முழம் இழுத்துவிட்டுத்தான் அனஸ்தாசியாவின் தலையைத் தூக்கினாள். அதை என் கண்ணால் கண்டேன். செத்தாலும் அந்தக் காட்சி என்னை விட்டுப் போகாது.

புத்தளம் ஆஸ்பத்திரியில் உடைந்த கைக்கு மாவுப் பத்துப் போட்டார்கள். ஆறு கிழமை. மற்றக் கையால் மட்டும் வண்டி ஓட்ட முடியாது. அவள் வாசலில் இருந்து கரைப் பக்கம் பார்த்தாள். சோறு பாதி சாப்பிட்டாள். மீன் எது பட்டது, யார் வந்தார்கள் என்று என்னிடம் கேட்பாள். நான் சொல்வதில் ருசி இல்லை என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

என் நெத்தலியை அன்றைக்கே அள்ளி மணலில் கொட்டினேன். பிறகு லோறன்சிடம் போனேன்.

"படங்கை எடு."

"எனக்கும் துக்கம்தான் மனுவேலண்ணே. ஆனா அடிச்சது வான்காரன். நெத்தலியா அடிச்சது?"

"அவள் ஏன் றோட்டில போனாள்?"

"பாதையில முதல் விரிச்சது ஆர்?" என்று கேட்டான். சிரித்துக்கொண்டுதான் கேட்டான். "நீங்க காட்டித் தந்த வழிதானே அண்ணே. இப்ப நான் மட்டும் எடுத்தா மற்றப் பத்துப் பேரும் எடுப்பாங்களா? அவங்கட கருவாடு நல்ல விலை போகும், என்ட கருவாட்டை உசனார் துப்புவார்."

இந்த நாய்க்குப் பதில் சொல்ல முடியாதபடி நானே வாயைத் தைத்து வைத்திருக்கிறேன்.

பாதர் பூசையில் படங்கை எடுக்கச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை ஒரு படங்கும் இல்லை, நெத்தலிக்கும் ஓய்வு நாள். திங்கட்கிழமை பதினொன்றும் திரும்ப வந்தன. சுலக்சனாப் பிள்ளைக்குப் போன் எடுத்தேன். நடந்ததை எல்லாம் கேட்டது. பிறகு, "பாதை கட்டித் தரலாம் மாமா. அதில காவல் நிக்க எங்களால ஏலாது," என்றது. அந்தப் பிள்ளை முழங்கை வரைக்கும் அளந்தது. எங்கள் சனத்தின் மனதை அளக்க நாடா இல்லை.

கைப் பத்தை வெட்டிய மறுநாள் அனஸ்தாசியா வண்டியில் ஏறிவிட்டாள். கை மெலிந்து தடி மாதிரி இருந்தது. "நான் தள்ளுறன்," என்றேன். பார்த்த பார்வையில் கையை எடுத்தேன். பின்னால் மட்டும் போனேன்.

லோறன்சின் படங்கு வந்தது. நின்றாள்.

"ஏத்து," என்றேன். "நான் சொல்றன், ஏத்து."

"மாட்டன்."

"அப்ப திரும்பு. வீட்ட போவம்."

"அதுவும் மாட்டன்."

சரிவால் றோட்டுக்கு இறங்கினாள். அந்தக் கையால் சுழற்றுவது பார்க்க முடியாத காட்சி. சில்லு ஒரு பாகம் சுற்றும், நிற்கும், திரும்பச் சுற்றும். பின்னால் ஒரு வான் ஹோர்ன் அடித்தது. நான் யோசிக்கவில்லை. அவளுக்குப் பின்னால், லேன் நடுவில், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நடந்தேன். எதிர்ப் பக்கத்தால் முந்தப் பார்த்தான், நானும் அந்தப் பக்கம் சரிந்தேன்.

வான்காரன் தலையை நீட்டிச் சிங்களத்தில் என் அம்மாவை விசாரித்தான். நான் தமிழில் அவன் அம்மாவை விசாரித்தேன். வானுக்குப் பின்னால் ஒரு பஸ். பஸ்ஸுக்குப் பின்னால் மண் ஏற்றிய ட்ரக்டர். அதற்கும் பின்னால் லோறன்சின் கருவாடு ஏற்ற வந்த உசனாரின் லொறி. எல்லாம் என் பெண்சாதியின் ஒரு கை வேகத்தில் வந்தன.

பஸ் கொண்டக்டர் தொங்கிக்கொண்டு, "என்ன அப்பா, கோயில் சுத்துப்பிரகாரமா? மாதாச் சுருவம் எங்க, காணேல்ல?" என்று கேட்டான். பஸ்ஸுக்குள் சிரித்தார்கள். சிரிப்பு கொஞ்ச நேரம்தான். பிறகு திட்டினார்கள். ஒரு மனிசி கந்தோருக்கு நேரமாகுது என்று ஜன்னலால் அழுதாள். அனஸ்தாசியாவின் கழுத்து வியர்த்து ஓடியது. "இஞ்சருங்க, சனம் பேசுது," என்றாள் திரும்பாமல்.

"பேசட்டும். நீ சுத்து."

உசனார் லொறியை விட்டு இறங்கி, சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். "என்ன மனுவேல் இது? லொறிக்குள்ள ஐஸ் மீனும் கிடக்கு. ஓரமா விடுங்க வாப்பா."

"ஓரம் எங்க? காட்டுங்க, போறம்."

அவர் பாதையைப் பார்த்தார். படங்கு, படங்கு, படங்கு. எல்லாம் அவர் வாங்கப்போகிற நெத்தலி.

"மண் இல்லாத கருவாடு கேட்டீங்க," என்றேன். "இந்தா, இவள்ட கை போன கருவாடு."

அவர் நின்று தாடியைத் தடவினார். பிறகு லோறன்சின் வாசலைப் பார்த்துத் திரும்பி, ஊருக்கே கேட்கக் கத்தினார். "டேய் லோறன்ஸ்! சுருட்டுடா! இண்டைக்குப் பாதையில காஞ்ச ஒரு நெத்தலியும் எனக்கு வேணாம்!"

அதற்குப் பிறகு பார்க்க வேண்டும் அந்த அசிங்கத்தை. பாதர் சொல்லியும் எடுக்காதவன், அவள் கை உடைந்தும் எடுக்காதவன், உசனார் வேண்டாம் என்றதும் ஓடி வந்தான். படங்கின் இரு முனையைப் பிடித்து இழுத்தான். பஸ் சனமும் இறங்கி வந்து மற்றப் படங்குகளை இழுத்தார்கள். நெத்தலி நாலு பக்கமும் சிதறியது. றோசமேரி மடியில் அள்ளிக்கொண்டே என்னைச் சபித்தாள். கொண்டக்டர் இதுதான் சமயம் என்று ஒரு பிடி பொக்கெற்றில் போட்டுக்கொண்டான். இவர்களுக்காகத்தான் ஒரு பிள்ளை நாடாவோடு வெயிலில் திரிந்தது.

அடுத்த வாசல் சரிவால் அனஸ்தாசியா பாதைக்கு ஏறப் பார்த்தாள். வண்டி இரண்டு தரம் பின்னால் வழுக்கியது. நான் தொடவில்லை. மூன்றாம் தரம் ஏறினாள். வானும் பஸ்ஸும் லொறியும் எங்களைக் கடந்து பறந்தன. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பாதை முழுக்கச் செதிலும் சிதறிய நெத்தலியும். அவள் ஒவ்வொரு மீனாகப் பார்த்துப் பார்த்து, வண்டியை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் வளைத்து, ஒன்றிலும் சில்லு படாமல் கரையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள்.

நான் வளையவில்லை. எல்லாவற்றையும் மிதித்துக்கொண்டு பின்னால் நடந்தேன்.