பின்பக்கம் எழாத கார்

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கேட் வேலையை முடித்துவிட்டு வருவதாக வெல்டர் சொல்லியிருந்தார். அவர் வருவதற்குள் கலைப்பிரியா கோளாறைக் கண்டுபிடித்தாக வேண்டும். இல்லாவிட்டால் அவளுடைய அண்ணன் குமரேசன் அந்தப் பழைய பிரெஞ்சு காரின் எண்ணெய்க் குழாய்களை அறுத்தெறிந்துவிட்டு, ஜீப் ஸ்பிரிங்கை வைத்து ஒட்டிவிடுவான். அறுத்தால் அறுத்ததுதான். அந்தக் குழாய்கள் சென்னையிலும் கிடைக்காது.

காரின் சொந்தக்காரர் சீனுவாசனுக்குப் பிரம்மதேசத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, சாகுபடி. வானூர் பக்கமிருந்து நாடு திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் அதை வாங்கியிருந்தார். முதுகுத்தண்டில் ஆபரேஷன் செய்துகொண்ட அவர் மனைவி பவுனு வலியில்லாமல் போய்வரக்கூடிய வண்டி அது ஒன்றுதான். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் போனால் கிளியனூர் தாண்டுவதற்குள் அழுதுவிடுவார்.

"ஜீப்பு ஸ்பிரிங்கு போட்டா நான் ஏற மாட்டேன். வீட்லயே கெடக்கறேன்" என்றார் பவுனு, ஒர்க்‌ஷாப்பின் பிளாஸ்டிக் நாற்காலியில் கோணலாக உட்கார்ந்தபடி.

"வேற வழி இல்லம்மா. பின்பக்கம் குந்திக்கினு எழுந்திருக்கவே மாட்டேங்குதே" என்றான் குமரேசன். பிறகு தங்கையைப் பார்த்து, "இன்னா காலேஜி, உன் புக்கு இன்னா சொல்லுது?" என்றான்.

பகலில் அண்ணனின் ஒர்க்‌ஷாப், மாலையில் விழுப்புரத்தில் டிப்ளமா வகுப்பு என்று இருந்தவள் கலைப்பிரியா. இந்த அமைப்பைப் பாடப் புத்தகத்தில் ஒரே ஒரு படமாகத்தான் பார்த்திருந்தாள். ஸ்பிரிங்குக்குப் பதிலாகச் சக்கரத்துக்கு ஓர் இரும்பு உருண்டை. அதற்குள் பாதி வாயு, பாதி எண்ணெய். காலையில் அவசரப்பட்டு, "உருண்டையில வாயு போயிருக்கும்" என்று சொல்லிவிட்டாள். பிறகுதான் உறைத்தது. வாயு போனால் வண்டி கட்டை வண்டி போல இடிக்கும், இப்படிப் படுத்துக்கொள்ளாது. அப்போதிலிருந்து எதையும் உறுதியாகச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். தொட்டியில் எண்ணெய் சரியான அளவில் இருந்தது. என்ஜினை ஓட்டியதும் முன்பக்கம் எழுந்தது. ஆகவே பம்பு நன்றாக இருக்கிறது. குழாய்களைத் துணியால் துடைத்துப் பார்த்தாள், கசிவு இல்லை. இனி மீதி, பின்பக்கத்துக்கு எண்ணெயைத் திறந்துவிடும் வால்வுதான். வண்டி தாழ்ந்திருக்கிறது என்று அந்த வால்வுக்கு யார் சொல்வார்கள்? படத்தில் பென்சில் போல ஒரு கம்பி இருந்தது. வண்டி தாழ்ந்தால் அது நகர்ந்து வால்வைத் திறக்கும்.

என்ஜினை நிறுத்தினாள். வண்டிக்கு அடியில் கட்டைகளை முட்டுக்கொடுத்துவிட்டு, டார்ச்சோடு, அடியில் நின்று வேலை பார்க்கத் தரையில் வெட்டியிருந்த பள்ளத்தில் இறங்கினாள். கம்பி இருந்தது. படிகாரமும் சங்கும் கோத்த கறுப்புக் கயிறு ஒன்று, அதைப் பக்கத்துச் சட்டத்தோடு சேர்த்து இறுக்கிக் கட்டியிருந்தது.

"அம்மா, அடியில திருஷ்டிக் கயிறு யாரு கட்னது?"

பவுனு பக்கத்தில் நின்ற கணவரை ஓரக்கண்ணால் பார்த்தார். கறுப்புச் சட்டைக்காரர் அவர். கோயில் வாசலை மிதிக்காதவர்.

"திருவக்கரை கோயிலுக்குப் போனோமே, அப்ப கடைக்காரன வெச்சி நான்தான் கட்டச் சொன்னேன். வண்டி தானா எழுந்திருக்கறத பாக்க அவ்ளோ கூட்டம். கண்ணு பட்டுடாதா?"

"நான் எங்க இருந்தேன்?"

"டீ குடிச்சிக்கினு இருந்தீங்க. வெளிய கட்டினா அறுத்துப் போட்ருவீங்கன்னுதான் உள்ள கட்டச் சொன்னேன்."

"அன்னிக்கு ராத்திரி படுத்ததுதானே இது" என்றார் சீனுவாசன். "என் வண்டிக்கே கயிறா?"

"ஏறிப் போறவ நானு. உங்க வண்டியாம்."

குமரேசன் சிரிப்பை அடக்கிக்கொண்டு பள்ளத்துக்குள் குனிந்தான். "அவுத்தா எழுந்துடுமா?"

"தெரியலண்ணா. ஒண்ணொண்ணா பாத்துக்கினு வந்தேன். மிச்சம் இதான்."

"அறுக்காத பாப்பா, அவுத்துடு" என்றார் பவுனு.

எண்ணெய் ஊறிய முடிச்சு நகத்துக்குப் பிடிபடவில்லை. வெளியே வெல்டரின் டிவிஎஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. ஒருவழியாக அவிழ்த்துக்கொண்டு மேலே ஏறியவள், கட்டைகளை இழுத்துவிட்டு என்ஜினை ஓட்டச் சொன்னாள். பம்பு 'டிக்' என்றது. ஒன்றும் நடக்கவில்லை. இதுவும் தப்பா என்று அவள் குனிந்து அடியில் பார்த்தாள்.

பிறகு, படுத்திருந்த மாடு எழுவதுபோல, காரின் பின்பக்கம் மெல்ல உயர்ந்தது. ஜாக்கி இல்லை, தள்ளுகிற கை இல்லை. அத்தனை இரும்பும் சத்தமே இல்லாமல் மேலே வந்து, தன் உயரம் தெரிந்து நின்றது. கேஸ் கட்டரை ஏந்திய வெல்டர் வாசலிலேயே நின்றார்.

பவுனு நாற்காலியைப் பிடித்து எழுந்து போய், பின்சீட்டில் மெதுவாக அமர்ந்தார். அவர் பாரத்துக்கு வண்டி சற்றே தாழ்ந்தது. யாரும் எதையும் தொடவில்லை. ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து அது அவரையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு பழைய உயரத்துக்கே வந்தது.

கம்பி நகர்கிறது, வால்வு திறக்கிறது, எண்ணெய் போகிறது. கலைப்பிரியாவுக்கு ஒவ்வொன்றும் தெரியும். தெரிந்தும் உடம்பு சிலிர்த்தது. வண்டியோடு சேர்ந்து தன் குதிகால்களும் தரையை விட்டு எழும்பியிருப்பதை அவள் அப்புறம்தான் கவனித்தாள்.