ஈரச்சாக்கு தொங்கிய சன்னல்கள்

கொல்லம் ஆண்டு 1104, ஆடி மாதம். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வடசேரித் தெருக்களில் புழுதியை வாரி இறைத்தது. அந்தக் காற்று பட்டால் தறியில் பாவு நூல் காய்ந்து அறுந்துபோகும். அதனால் தாணுலிங்கம் தன் தறிக்கூடத்துச் சன்னல்களில் ஈரச்சாக்கைத் தொங்கவிட்டு, ஓரங்களில் ஆணியும் அறைந்திருந்தார். உள்ளே நெருக்கமாக இருபது தறிகள். ஓணத்துக்குத் திருவனந்தபுரம் போகவேண்டிய வேட்டிகள் அவற்றில் ஓடின. மூன்று தலைமுறையாக அந்த வீட்டுச் சரக்கு எந்த ஓணத்துக்கும் பிந்தியதில்லை.

முதலில் இருமியவன் ஏசுஅடிமை. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு தறிக்குழியில் இறங்கினான்.

"காய்ச்சலா, லே?"

"சும்மா தடுமன், மொதலாளி. நெய்துருவேன்."

காய்ச்சல்தான் என்று கண் சிவப்பே சொன்னது. ஆனால் இரண்டு நாள் வராதவன் தறியை அடுத்தவனுக்குக் கொடுப்பது அவர் வைத்த சட்டம். அதற்குப் பயந்துதான் வந்திருக்கிறான். வேட்டியும் பாக்கி கிடந்தது. அவர் அடுத்த தறிக்கு நகர்ந்தார்.

பத்து நாளில் பதினொரு பேர் படுத்தார்கள். நான்கு பேர் எழுந்திருக்கவில்லை. அந்த நால்வரில் ஏசுஅடிமையும் ஒருவன்.

சுகாதார அதிகாரி விசாரிக்க வந்தபோது, தாணுலிங்கத்தின் தம்பி நாராயணபெருமாள் முந்திக்கொண்டான்.

"அவனுவ குடியிருப்புல கெடந்து வந்தது ஏமானே. எல்லாம் குப்பையும் கூளமும்."

அதிகாரி தாணுலிங்கத்தைப் பார்த்தார். அவர் குடும்பப் பேரை நினைத்தார்.

"ஆமா," என்றார்.

மறுநாளே நெசவாளர் குடியிருப்பைச் சுற்றிக் காவல் போட்டார்கள். யாரும் வெளியே வரக்கூடாது. கூடத்தில் வேறு ஆட்கள் உட்கார்ந்தார்கள். மூன்றாம் நாள் அரிசி மூட்டையோடு அவர் அங்கே போனார். ஏசுஅடிமையின் மனைவி ஜெபமணி வேலிக்கு அப்புறம் நின்றாள். மூட்டையை அவள் பார்க்கவேயில்லை.

"அவரு தறிய ஆருக்கும் குடுத்துராதீங்க மொதலாளி. எனக்கும் நெய்யத் தெரியும். காவல எடுத்த ஒடனே வந்துருவேன்."

பேசி முடிப்பதற்குள் இருமல் அவளை மடக்கியது. அந்தத் தறியில் நேற்றே வேறொருவன் உட்கார்ந்துவிட்டான். அதைச் சொல்லாமல் மூட்டையை வேலியோரம் இறக்கிவைத்தார்.

நேராக அதிகாரியிடம் புறப்பட்டார். விஷயம் புரிந்த தம்பி வழியில் கையைப் பிடித்தான். "அண்ணே, நாளைக்கி நம்ம வீட்டுல ஆரு பொண்ணெடுப்பா?" உதறிவிட்டு நடந்தார்.

"சீக்கு எங்க கூடத்துலதான் தொடங்குச்சு. காத்து வராம அடச்சுவச்சது நான். சொகமில்லாதவன வேலைக்கு விட்டதும் நான். எழுதிக்கிடுங்க."

அதிகாரி எழுதவில்லை. "இப்ப உள்ளே எத்தனை பேர்?"

"இருவது."

"அதுல இருமுறது யாரு?"

தாணுலிங்கத்துக்குத் தெரியவில்லை. அன்று காலையும் அவர் துணியைத்தான் பார்த்தார். எவன் முகத்தையும் பார்க்கவில்லை.