தெளிவுபடுத்தவும்

லேலண்ட் பெலெட்டியே என்று கணவனின் பெயரைத் ஆஸ்பத்திரிப் பதிவுகளின் தேடல் கட்டத்தில் அடித்துவிட்டு ஓடெட் அப்படியே உட்கார்ந்திருந்தாள். என்டரைத் தட்டினால் போதும். முந்தாநாள் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் சேர்த்த மனிதனுக்கு என்னவென்று இந்தச் சமையலறை மேஜையிலேயே தெரிந்துவிடும். போனில் கேட்டால், "டெஸ்ட் போய்க்கிட்டிருக்கு, டாக்டர் சொல்வாரு" என்கிறார்கள்.

அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் அவள் வீட்டிலிருந்தபடி மெடிக்கல் கோடிங் செய்கிறாள். டாக்டர்கள் எழுதியதைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய குறியீட்டைப் போட்டு இன்சூரன்ஸுக்கு அனுப்பும் வேலை. எழுதியது தெளிவாக இல்லையென்றால் கேள்வி போட்டு டாக்டருக்கே திருப்பி அனுப்புவாள். ஊரில் இடுப்பு முறிந்தவர்கள், பிள்ளை பெற்றவர்கள், செத்துப்போனவர்கள் எல்லோரும் அவளுடைய காப்பிக் கோப்பைக்கு முன்னால் வந்து போனவர்கள்தான். சொந்தக்காரர்களின் மருத்துவப் பதிவுகளை மட்டும் திறக்கக்கூடாது. யார் எதைத் திறந்தார்கள் என்பது பதிவாகிவிடும். வேலை போகும். வேலையோடு, லேலண்டின் சிகிச்சைக்கான இன்சூரன்ஸும் போகும்.

"ஊர்ல எல்லாரோட வண்டவாளமும் உனக்குத் தெரியும். அப்பாவோடது மட்டும் தெரியக்கூடாதா?" போனில் பாங்கோரிலிருந்து மகள் ஜோயெல் பொரிந்தாள். "என்னம்மா நியாயம் இது?"

"நியாயம்னு யாருடி சொன்னா?"

வேலை போகும் பயம் மட்டுமல்ல. படித்துவிட்டால் அவனுக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்திருக்கும். நாய் சாப்பிட்டதா, கூரைப் பனியை யார் தள்ளுவது என்று அவன் கேட்டுக்கொண்டிருப்பான். அவள் முகத்தைச் சரிசெய்துகொண்டு பதில் சொல்ல வேண்டும். முப்பது வருடமாக உருளைக்கிழங்கு லாரி ஓட்டுகிறவன், எதிரே வரும் வண்டிக்காரன் தூங்குகிறானா என்று அதன் விளக்கைப் பார்த்தே சொல்லிவிடுவான். அவனிடமா மறைப்பது? அடித்த பெயரை எழுத்து எழுத்தாக அழித்துவிட்டு, பனிப் பூட்ஸை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

அங்கிருக்கும் ஒவ்வொரு டாக்டரின் எழுத்து நடையும் அவளுக்கு அத்துப்படி. யார் சுற்றி வளைப்பார், யார் பாதியில் விட்டுவிடுவார் என்று சொல்வாள். லிஃப்ட் எங்கே என்றுதான் தெரியவில்லை. கேட்டுக் கேட்டு மூன்றாம் மாடிக்குப் போய்ச் சேர்ந்தபோது, லேலண்டின் கட்டிலருகே உயரமான, நரைத்த மனிதர் ஒருவர் நின்றிருந்தார். டாக்டர் பிளேஸ்டெல். அவளுடைய கோட்டில் ஒட்டியிருந்த பார்வையாளர் சீட்டில் பெயரை இரண்டு முறை படித்தார்.

"ஓடெட் பெலெட்டியேன்னா... கோடிங் ஓடெட்டா? 'இதய பலவீனம் என்று எழுதியிருக்கிறீர்கள், எந்த வகை என்று தெளிவுபடுத்தவும்'?"

"ஆமா. அதுக்கு நீங்க 'பலவீனமான வகை'ன்னு பதில் அனுப்பினீங்க."

லேலண்ட் சிரிக்கப்போய் இருமினான். இருமல் நிற்க நேரமாயிற்று.

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். டாக்டர்களிடம் கேள்வி கேட்கும்போது பதிலை அவர்கள் வாயில் திணிக்கக்கூடாது. அது அவள் தொழிலின் விதி. புற்றுநோயா, பிழைப்பானா என்று எதுவும் அவளால் கேட்க முடியவில்லை.

"இவருக்கு என்னன்னு சொல்றீங்களா டாக்டர்?"

பிளேஸ்டெல் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். நின்றபடியே சொல்லிவிடக்கூடிய செய்தி இல்லை என்று அவளுக்கு அப்போதே தெரிந்தது.

"வலது நுரையீரல்ல ஒரு கட்டி இருக்கு. சுத்தி தண்ணி கோத்திருக்கு. நாளைக்குக் கட்டியிலேர்ந்து கொஞ்சம் சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்புறோம். நல்லதா கெட்டதான்னு இன்னிக்கு எனக்குத் தெரியல. தெரிஞ்ச மாதிரி பேச எனக்கு இஷ்டமில்ல."

"அவகிட்ட தெரியலன்னு சொல்லாதீங்க டாக்டர்" என்றான் லேலண்ட். "திருப்பி அனுப்பிடுவா."

ஓடெட் திருப்பி அனுப்பவில்லை. "சரி" என்றாள். குரல் உடைந்தது. பிளேஸ்டெல் அவள் தோளைத் தொட்டுவிட்டு, முடிவு வந்ததும் தானே தெரிவிப்பதாகச் சொல்லிப் போனார்.

"அப்போ நீ என் ஃபைலைப் பாக்கல?" என்றான் லேலண்ட்.

"இல்ல."

"நல்லதாப் போச்சு. ஒண்ணாவே தெரிஞ்சுக்குவோம்."

கட்டில் அவன் உயரத்துக்குப் போதவில்லை. போர்வைக்கு வெளியே இரண்டு பாதங்களும் வெளிறி நீட்டிக்கொண்டிருந்தன. பையிலிருந்து கம்பளிக் காலுறைகளை எடுத்து ஒன்றை மாட்டினாள். இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தக் குளிர்ந்த பாதத்தை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே பிடித்தபடி நின்றாள். ஜன்னலுக்கு வெளியே பனி தள்ளும் வண்டி ஒன்று மஞ்சள் விளக்கைச் சுழற்றிக்கொண்டு மெதுவாக வழியைத் திறந்துகொண்டு போனது.