திருட்டு யூவனின் ஓடை

எங்கள் மலையில் பெயரில்லாத இடம் என்று ஓர் ஆட்டுக் குளம்பு பதியும் அளவுகூடக் கிடையாது. ஒருவன் வழுக்கி விழுந்தால் போதும், அந்தப் பாறைக்கு அவன் பெயர். அந்த வகையில் நான் இரண்டு பாறைகளுக்குச் சொந்தக்காரன்.

எடின்பரோவிலிருந்து மார்சலி மேடம் ஒலிப்பதிவுப் பெட்டியோடு வந்து, எங்கள் கேலிக் மொழியில் உள்ள இந்தப் பெயர்களையெல்லாம் சேகரிக்கத் தொடங்கினார். ஒரு பெயரை இரண்டு பேர் தனித்தனியாகச் சொன்னால்தான் அவர் போடும் வரைபடத்தில் ஏறும். முழுதும் தெரிந்தவர்கள் ஊரில் இரண்டே பேர்: நானும் பக்கத்து வீட்டுக்காரி ஐரிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் ஐரிக் என் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

"டார்கில், அந்த ஓடையை மட்டும் விட்டுடுடா."

எந்த ஓடை என்று கேட்கத் தேவையில்லை. திருட்டு யூவனின் ஓடை. யூவன் அவளுடைய கொள்ளுத்தாத்தா. அந்தக் கரையில் அவர் திருடிய ஆட்டுக்கடா என் கொள்ளுத்தாத்தாவுடையது. நூறு வருடமாக எங்கள் குடும்பத்துக்கு இருந்த ஒரே பெருமை அது. என் அப்பா சிரித்ததே அந்தக் கதையைச் சொல்லும்போதுதான்.

"என் பேத்தி படிக்கிற பள்ளிக்கூடத்துல அந்த மேப்பைத் தொங்க விடுவாங்க" என்றாள். கண் கலங்கியிருந்தது. எனக்கு அது ஆகாது. சரி என்றுவிட்டேன்.

மறுநாள் மேடத்தோடு மலையேறி இருநூற்றுப் பதினான்கு பெயர்கள் சொன்னேன். ஓடைக்கரை வந்ததும், "இதுக்குப் பேர் கிடையாது மேடம்" என்றேன். அப்பா கல்லறையில் புரண்டு படுத்திருப்பார்.

அதற்கடுத்த நாள் ஐரிக் கதவைக்கூடத் தட்டாமல் உள்ளே வந்தாள்.

"எங்க யூவனோட ஓடைக்குப் பேரே இல்லைன்னு சொன்னியாமே?"

"நீதானேம்மா விடச் சொன்ன!"

"சொன்னேன். அப்புறம் மேடம் என்கிட்ட வந்து பெட்டியைத் திறந்து வெச்சதும் யோசிச்சேன். கனடாவுக்குக் கப்பல் ஏறின மனுஷன். கல்லறை எங்கன்னு தெரியாது, ஒரு படம் கிடையாது. அந்த ஓடையும் போச்சுன்னா, அவர் இருந்தாருங்கறதுக்கு என்ன இருக்கு? பேரைச் சொல்லிட்டேன். உன்னால இப்ப நான் பொய்க்காரி. எந்திரி, அந்தம்மா கிளம்பப் போறாங்க!"

ஓடினேன். மேடம் பெட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"அந்த ஓடை... மறந்துட்டேன் மேடம்."

"நீங்க விழுந்த ரெண்டு பாறையும் மறக்கலையே?" என்றபடி மைக்கை நீட்டினார்.

பெயரைச் சொன்னேன். யூவன் எதைத் திருடினார் என்று கேட்டார். ஐரிக் மூச்சு வாங்க என் பின்னால் வந்து நின்றாள். அப்பாவிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

"ஒரு கிழட்டுக் கடா மேடம். ஒத்தைக் கண்ணு. அது பஞ்ச காலம் வேற. போனதுல எங்களுக்கு ஒண்ணும் நஷ்டமில்ல."

"கிழட்டுக் கடாவா?" ஐரிக் என்னை இடித்துத் தள்ளிவிட்டு மைக்கைப் பிடித்தாள். "இந்த மலையிலேயே பெரிய கடா அதுதான்! மட்டமானதுல கை வைக்கிற ஆளா எங்க யூவன்?"

அதுவும் பதிவாகியிருக்கிறது. எங்கள் கடாவை அவர்கள் வீட்டில் ஒருவர் புகழ்ந்தது அன்றுதான்.