ஜோதிலட்சுமி தங்கை வீட்டுக்குப் போகாமல் போய்வந்தது

ஜோதிலட்சுமிக்கும் அவள் தங்கை துர்காவுக்கும் பேச்சு நின்றது ஒரே ஒரு வார்த்தையால்தான். முடிச்சூரில் துர்கா புதுவீடு கட்டிக் குடிபோன அன்று, பால் பொங்கி இறக்குவதற்குள் அக்காக்காரி ஹாலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மழை பெஞ்சா ஏரித் தண்ணி நேரா இங்கதான் வரும். சோபாவைக் கொஞ்சம் உசரமாப் போடு" என்றாள். நல்லதுதான். ஆனால் நல்லதைச் சொல்லவும் ஒரு நேரம் உண்டே, கண்ணுங்களா.

"இனிமே என் வாசப்படியை மிதிக்காதே" என்றாள் துர்கா.

"நீயும் என் வாசப்படியை மிதிக்காதே" என்று சொல்லிவிட்டு, இலையில் கை வைக்காமல் தாம்பரம் பஸ் ஏறினாள் ஜோதிலட்சுமி.

மூன்று வருஷம் ஓடிற்று. ஒருநாள் மார்க்கெட்டில் ஒருத்தி, "உன் தங்கச்சியை ஆஸ்பத்திரியில ஸ்ட்ரெச்சர்ல தள்ளிட்டுப் போனாங்களே" என்றாள். என்ன ஏது என்று அவளுக்குத் தெரியவில்லை. அன்றைக்கு ஜோதிலட்சுமி வைத்த ரசத்தில் புளியே இல்லை.

"போன் பண்ணிக் கேளேன்" என்றார் கணவர் கோதண்டம்.

"அவ பண்ணட்டும்."

"அவதானே ஆஸ்பத்திரியில இருக்கா?"

"அங்க போன் இல்லையா?"

"சரி, நான் பண்றேன்."

"நீங்க பண்ணினா நான் சொல்லிப் பண்ணின மாதிரி ஆயிடும்."

தங்கைக்கு என்ன ஆயிற்று என்று தெரிய வேண்டும். தான் கேட்டது தங்கைக்குத் தெரியக் கூடாது. இந்த வழக்கை எடுத்துக்கொண்டு அவள் ஸ்டேஷன் பக்கத்தில் பிரவுசிங் சென்டர் நடத்தும் குணாவிடம் போனாள்.

"நாம தேடறது அவங்களுக்குத் தெரியாதே?"

"அதுக்குத்தான்க்கா இன்டர்நெட்டே கீது" என்றான் குணா.

துர்கா என்று தட்டினான். சிங்கத்தின் மேல் அம்மன் வந்தாள். "இவங்களா?"

"அவளுக்கு ஏது இவ்வளவு சாந்தம்?"

முடிச்சூர் என்று சேர்த்துத் தட்டினான். மனை விற்கிற விளம்பரம் வந்தது. குணா நாற்காலியைத் திருப்பிக்கொண்டான். "ஆளைத் தேடுனா மாட்டாதுக்கா. ஆளைச் சுத்தி கீறவங்களத் தேடணும். அவங்களுக்குப் புள்ள கீறானா?"

இருந்தான். விக்கி. சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. ஆளாளுக்கு ஒரு பக்கம் வைத்துப் படம் போடுகிற ஆர்குட்டில் குணா அவளுக்கு ஒரு கணக்கு ஆரம்பித்தான். வேறு பேர் வைக்கலாம் என்றதற்கு, "பேரை மாத்திகினு போக நான் என்ன ஓடிப்போனவளா?" என்று கேட்டு, முழுப்பேரையும் அடிக்கச் சொன்னாள். ஊரில் இருக்கிற விக்கிகளை எல்லாம் படித்த காலேஜைக் கொண்டு சலித்து, வேலை செய்கிற கம்பெனியைக் கொண்டு புடைத்து, ஒருவழியாக அவள் தங்கை மகனைப் பிடித்தார்கள்.

படம் படமாகப் போட்டிருந்தான். ஜோதிலட்சுமி பிள்ளையைப் பார்க்கவில்லை. பிள்ளைக்குப் பின்னால் இருந்த வீட்டைப் பார்த்தாள்.

"இவனைக் கொஞ்சம் நகத்தேன் குணா. பின்னால அவ நிக்கிறா மாதிரி இருக்கு."

"போட்டோல நகத்த முடியாதுக்கா."

கடைசிப் படத்தில் அகப்பட்டாள். சோபாவில் சாய்ந்து, முழங்கால்வரை மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். "கால்தான்" என்று மூச்சு விட்டாள் ஜோதிலட்சுமி. அப்புறம்தான் கவனித்தாள், சோபாவின் நாலு காலுக்கும் கீழே செங்கல். அவளுக்குக் கண்ணீர் படத்தை மறைத்துவிட்டது.

அதற்குப் பிறகு தினமும் போனாள். நல்ல சேலை கட்டிக்கொண்டு, செருப்பை வெளியே விட்டுவிட்டு, அதே படத்தைத் திறந்து, கட்டு பிரித்தாயிற்றா என்று பார்த்துவிட்டு வந்தாள். அது ஒரே படம், எத்தனை நாள் பார்த்தாலும் கட்டு அப்படியேதான் இருக்கும் என்று சொல்ல குணாவுக்கு மனசு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஆட்டோ நின்றது. துர்காவின் கணவர் தயாளனும் விக்கியும், ஒரு மர நாற்காலியில் துர்காவை உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

"என் ஆர்குட் பக்கத்துக்கு யார் யார் வந்தாங்கன்னு அது காட்டும் பெரிம்மா" என்றான் விக்கி, மூச்சு வாங்க. "தெனமும் உங்க பேர்தான் நின்னுச்சு."

"தெனமும் எங்க வீட்டுக்கு வரே" என்றாள் துர்கா. "பதிலுக்கு நான் ஒருதரம் வரலைன்னா ஊர் என்ன சொல்லும்?"

"நான் எங்கடி வந்தேன்? ஸ்டேஷன்கிட்ட உக்காந்து பாத்தேன்."

"ஹாலைப் பாத்தே, காலைப் பாத்தே. நேர்ல வந்தவங்ககூட இவ்வளவு பாக்கல."

"உன் வாசப்படியை நான் மிதிக்கலையே."

"நானும் மிதிக்கப் போறதில்ல. அதுக்குத்தான் நாற்காலி."

"கம்ப்யூட்டர்ல போனதும் போனதாத்தானே..." என்று மத்தியஸ்தம் பண்ண வந்தார் கோதண்டம்.

"நீங்க சும்மா இருங்க" என்றாள் மனைவி. "சும்மா இருங்க மாமா" என்றாள் மச்சினி.

"அண்ணி, உள்ளயா வெளியயா? எனக்குக் கை கழண்டுரும்போல இருக்கு" என்றார் தயாளன்.

'வா' என்று ஒரு எழுத்து. அது ஜோதிலட்சுமியின் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. அதற்குள் நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது. "காலை இடிக்காதீங்கடா" என்று பாய்ந்து, கட்டுப்போட்ட காலைக் கீழே ஏந்திக்கொண்டு பின்பக்கமாக நடந்தாள். இரட்டைக் கதவில் ஒன்றுதான் திறந்திருந்தது. மற்றதன் தாழ்ப்பாள் துருப்பிடித்த கேஸ். நாற்காலி நிலைப்படியில் சிக்கி, முன்னும் போகவில்லை, பின்னும் போகவில்லை. துர்கா படிக்கு நேர் மேலே, பாதி வீட்டிலும் பாதி தெருவிலுமாக உட்கார்ந்திருந்தாள். ஆண்கள் மூவரும் எண்ணெய் தேடிக் கொல்லைப்புறமாக ஓடினார்கள்.

ஏந்திய காலை விடாமல் ஜோதிலட்சுமி தரையில் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டாள்.

"தெனமும் வந்தியே, எப்படி இருக்கேன்னு ஒரு வரி எழுதக் கூடாதா?" என்றாள் துர்கா.

"எழுதினா நீ பாத்துடுவியே."

துர்கா சிரித்தாள். நாற்காலி ஆடியது.

"ஆடாதே, வலிக்கும்" என்றாள் அக்கா.