வளையத்துக்குள் சில புள்ளிகள்

எங்கள் பற்பசைத் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. சோதனை நாளன்று யாரும் பல் விளக்காமல் வரவேண்டும். வந்ததும் ஆளுக்கொரு குழாயில் எச்சில் துப்பவேண்டும். அதன்பிறகு எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டே பேசுவோம். ஒருத்தி மட்டும் பொத்தமாட்டாள். அவள் குழாயில் ‘வாயாடி’ என்று எழுதினேன். பிற்பாடு அவளையே கட்டிக்கொண்டேன்.

போன மழைக்காலத்தில் இறந்துவிட்டாள். குழாய் ஃப்ரீசரில் இருக்கிறது. அதிலுள்ள பாக்டீரியா சாகவில்லை.

சோதனை எளிது. கண்ணாடித் தட்டில் எச்சிலைத் தடவி, நடுவில் ஒரு சொட்டுப் பற்பசை வைப்போம். பாக்டீரியா தட்டு முழுக்கப் படரும். பசையைச் சுற்றி மட்டும் செத்துப்போய்த் தெளிவான வளையம் விழும். புதுப் பசைக்கு எல்லாத் தட்டிலும் சுத்தமான வளையம். வாயாடியின் தட்டில் மட்டும் வளையத்துக்குள் சில மஞ்சள் புள்ளிகள்.

“இந்தத் தட்ட விட்டுடுப்பா,” என்றார் மேலாளர். “எல்லாக் கிருமியையும் கொல்லும்னு டப்பாவே அச்சாயிடுச்சு.”

“கொல்லலையே சார்.”

“இல்லாதவங்க எச்சில எப்படிப்பா கணக்குல எடுக்கறது? அந்தக் குழாயையும் ஆட்டோகிளேவ்ல போட்டுடு.”

“போடமாட்டேன்.”

தட்டு கழுவும் அக்கா திரும்பாமலே சொன்னாள்: “அவ இருந்தப்பவும் சாரால அவ வாய அடக்க முடியல.”

“நீ சும்மா இரும்மா.”

அவரே குழாயை எடுத்து, கிருமிகளை நீராவியில் வேகவைத்துக் கொல்லும் அந்த ஆட்டோகிளேவுக்குள் வைத்து மூடினார். நீராவி சீறியது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கொஞ்சகாலமாகவே எதுவும் தோன்றுவதில்லை. கை மட்டும் ஒரு காலிக் குழாயை எடுத்தது. எல்லாரிடமும் எச்சில் வாங்கி வைக்கும் நான் ஒருமுறைகூடக் கொடுத்ததில்லை.

“நான் இருக்கேன்ல சார்? என்னோடத எடுங்க.”

“உன் மூஞ்சியப் பாத்தா பல் விளக்கியே மாசக்கணக்கு ஆகும்போல. மொதல்ல நம்ம பேஸ்ட்டால தேய். அப்புறம் துப்பு.”

கிண்டலுக்குத்தான் சொன்னார். நான் புதுப் பசையைப் பிதுக்கி, கழுவுதொட்டியருகே அவர் முகத்தைப் பார்த்தபடியே தேய்த்தேன். நுரை சட்டையில் வழிந்தது. நாக்கு எரிந்தது. ஏதோ ஒன்று உறைத்தே நெடுநாளாகிறது.

“ஈறு கிழியப்போகுது தம்பி,” என்றாள் அக்கா.

கொப்பளித்துவிட்டுக் குழாயில் துப்பினேன். அதில் பாதியைத் தட்டில் தடவினேன். மீதி ஃப்ரீசருக்கு.

தட்டில் பாக்டீரியா படர்ந்ததும் மேலாளரே மூடியைத் தூக்கினார். அழகான வளையம். உள்ளே மஞ்சள் புள்ளிகள். நுண்ணோக்கியிலும் அதே உருவம். சேர்ந்து வாழ்கிறவர்களின் வாயில் பாக்டீரியா இடம் மாறும் என்று கல்லூரியில் படித்திருக்கிறேன். தேர்வில் எழுதியுமிருக்கிறேன்.

அவர் நுண்ணோக்கியில் குனிந்தபடியே கேட்டார்.

“இது அந்தப் பொண்ணோடதுதானேப்பா?”

“இருக்கலாம். ஆனா துப்புனவன் உயிரோட நிக்கிறேன். கணக்குல எடுங்க சார்.”

“டப்பா அச்சாயிடுச்சேப்பா...”

“கிழிச்சுப் போடுங்க.”

“இல்லன்னா இவனையும் தூக்கி ஆட்டோகிளேவ்ல போடுங்க சார்,” என்றாள் அக்கா. “கொஞ்சம் மடக்கினா உள்ள போயிடுவான்.”

அவர் தட்டை எடுக்கக் கை நீட்டினார். நான் விலகவில்லை. கையை இழுத்துக்கொண்டு, அச்சகத்துக்குப் போன் பண்ண வெளியே போனார்.

என் குழாயில் ‘வாயாடி’ என்று எழுதினேன். ஃப்ரீசரில் அவள் இருந்த இடத்திலேயே வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.